மடியும் ஏடும்

(குழந்தை வாசிப்பு குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு புத்தகத்தைக் கையோடு எடுத்து வந்திருக்கிறேன். கடைசி வரிசைக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு விலங்கு. வலப்பக்கத்து மேல்மூலை இல்லை. என் பேத்தி எட்டாம் மாதத்தில் அதைத் தின்றுவிட்டாள். முப்பத்தோரு ஆண்டு நூலகத்தில் வேலை பார்த்தவன் நான். தாளின் மூலையை மடித்து அடையாளம் வைத்தாலே முகம் சுளிப்பேன். சேதமான நூலுக்கு விலை வசூலித்து ரசீது போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இன்று ஒரு சேதமான நூலைப் பெருமையாகத் தூக்கிக் காட்டுகிறேன் என்றால், இடையில் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும் அல்லவா?

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். பணியில் சேர்ந்து நாலைந்து ஆண்டு ஆகியிருக்கும். ஒரு கிளை நூலகம் என் பொறுப்பில் இருந்தது. மாலை நேரத்தில் ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வருவார். வார இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, அதிலுள்ள படங்களைக் குழந்தைக்குக் காட்டிக் காட்டி ஏதாவது பேசுவார். குழந்தையும் பதிலுக்குக் கத்தும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் எழுந்து போய், “கொழந்தைய வீட்ல விட்டுட்டு வாங்கம்மா, இங்க சத்தம் கூடாது” என்றேன். அவர் இதழை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை. விதிப்படி நடந்துகொண்டதாக அன்று எனக்கு நிம்மதி.

நூலகத் துறைக்கு நம் முன்னோடி சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை மனப்பாடம் செய்துதான் நான் தேர்வு எழுதினேன். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். நூல் வாசகரைத் தேடிப் போன மரபில் வந்தவன், தேடி வந்த வாசகரைத் திருப்பி அனுப்பினேன். பத்து மாதக் குழந்தையை வாசகர் என்று நினைக்க எனக்கு அப்போது தெரியவில்லை. ரங்கநாதனின் விதியில் வயது வரம்பு எதுவும் இல்லை.

நூலை வாசிப்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வைத்திருக்கிறோம். ஒன்று ‘படி’. நம் பிள்ளைகள் காதில் நாளுக்குப் பத்து முறை விழுகிற ஏவல் அது. அதற்குள் தேர்வு இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண் இருக்கிறது, சில வீடுகளில் விசிறிக்காம்பும் இருக்கிறது. இன்னொன்று ‘வாசி’. நாதசுரம் வாசிக்கிறார், வீணை வாசிக்கிறார், மிருதங்கம் வாசிக்கிறார் என்கிறோம். ஏட்டுக்கும் குழலுக்கும் ஒரே வினை. ஐந்து வயதுவரை குழந்தைக்குப் புத்தகம் ஒரு வாத்தியம் என்பதே என் எண்ணம். வாசிக்க வேண்டியவர்கள் நாம், குழந்தை ரசிகர். ரசிகரிடம் போய் யாராவது ஸ்வரம் ஒப்பிக்கச் சொல்வார்களா? நாம் சொல்கிறோம். இரண்டரை வயதுப் பிள்ளையை விருந்தாளிக்கு முன் நிறுத்தி ‘ஏ, பி, சி, டி சொல்லு’ என்கிறோம்.

ஆக, நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். சின்னப் பிள்ளையைப் படிக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறந்த நாளிலிருந்தே.

இது மேல்நாட்டு மோகம் என்று நினைப்பவர்களுக்கு, நம் பிள்ளைத்தமிழை நினைவூட்டுகிறேன். தமிழ்த்துறையில் வந்து அதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று பருவம் பத்து. ஒரு கணக்குப்படி மூன்றாம் மாதத்தில் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக இருபத்தோராம் மாதம்வரை போகிறது. ஐந்தாம் மாதம் குழந்தை தலை தூக்கி அசையும்போது செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைகொட்டும்போது சப்பாணி. பதினைந்தாம் மாதம் வானத்தைக் காட்டும்போது அம்புலி. மருத்துவமனையில் தருகிற வளர்ச்சி அட்டையை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துப் போகும். ‘தால்’ என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று பொருள் சொல்வார்கள். தொட்டில் ஆடுவதற்கு முன் ஒரு பெரியவரின் நாக்கு ஆட வேண்டும் என்று நம் மொழி சொல்லின் வேரிலேயே வைத்திருக்கிறது.

ஆனால் பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவர் யார்? குலோத்துங்கன், முருகன், மீனாட்சி. புலவர்கள் குழந்தையைப் பாடினார்கள். குழந்தைக்குப் பாடியவர்கள் பெயர் தெரியாத பெண்கள். தூளிக்கயிற்றை இழுத்துக்கொண்டே மாமன் சீரையும் அத்தை அடித்ததையும் பாட்டில் ஏற்றியவர்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சில் குழந்தைக்கென்று எழுதும் ஆட்கள் வந்தார்கள். கவிமணி வந்தார். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிய அழ. வள்ளியப்பா வந்தார், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1947-இல் அம்புலிமாமா வந்தது. பெ. தூரன் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் தந்தார். வாண்டுமாமாவைப் படிக்காமல் என் தலைமுறையில் யாரும் வளரவில்லை. பெரிய சொத்துதான். ஆனால் இதில் பெரும்பகுதி ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உரியது. தூளியை விட்டு இறங்கியதிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஐந்து ஆண்டுகளுக்கு நம் அலமாரியில் என்ன இருக்கிறது? நூலகத்தில் அந்தத் தட்டை நான் கடைசிவரை நிரப்ப முடியவில்லை.

அந்த ஐந்து ஆண்டில் குழந்தைக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி ஆராய்ச்சிகள் நிறைய. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1986-இல் அமெரிக்காவில் ஆந்தனி டிகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் என்னும் இருவர், கருவுற்ற பெண்களைக் கடைசி ஆறேழு வாரம் ஒரே கதையை நாளுக்கு இரண்டு முறை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். ‘தி கேட் இன் தி ஹேட்’ என்னும் சிறுவர் கதையும் அவர்கள் பயன்படுத்தியவற்றில் ஒன்று. பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தையின் வாயில் ஒரு ரப்பர் காம்பு. சப்பும் வேகம் ஒரு விதமாக இருந்தால் பழைய கதை கேட்கும். வேறு விதமாக இருந்தால் புதுக்கதை கேட்கும். குழந்தைகள் பழைய கதை வரும்படியாகச் சப்பின. உடனே அபிமன்யு நினைவு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் குழந்தைக்குக் கதை புரிந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அதன் தாளம் பழகியிருந்தது, அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறோம் என்று காசு வாங்கும் வகுப்புகளுக்கு இந்த ஆராய்ச்சி சாட்சி சொல்லாது.

மற்றது 2003-இல் வந்தது. சியாட்டில் நகரத்தில் பேட்ரிசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு நேரில் ஒருவர் உட்கார்ந்து, புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி விளையாடினார். பன்னிரண்டு அமர்வுகள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்தவை எதையும் கற்கவில்லை. சாப்பாடு ஊட்டக் கைபேசியை எதிரே சாய்த்து வைக்கும் வீடுகளை நான் திட்டப் போவதில்லை. தனிக்குடித்தனத்தில் ஒற்றை ஆளாக நிற்கும் தாயின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அதில் பாட்டு ஓடுவதால் குழந்தை மொழி கற்கிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு புத்தகமும் கதையும் வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

ஆராய்ச்சியை விட என்னை அசைத்தது ஒரு குழந்தையின் கதை. நியூசிலாந்தில் 1971-இல் குஷ்லா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. குரோமோசோம் கோளாறு. உடலில் பல உறுப்புகள் சரியில்லை. தசை இழுப்பால் இரவில் தொடர்ந்தாற்போல் தூங்க முடியாது. மூன்று வயதுவரை கையில் எதையும் பிடிக்க இயலாது. விரல் நுனிக்கு அப்பால் கண்ணுக்கு எல்லாமே மங்கல். விழித்திருக்கும் நீண்ட நேரத்தை எப்படிக் கடத்துவது என்று தெரியாத தாய், நாலாம் மாதத்தில் குழந்தையை மடியில் வைத்து, கண்ணுக்கு மிக அருகில் புத்தகத்தைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். இரவும் பகலும் வாசித்தார். ஒரே புத்தகத்தை எத்தனை முறை கேட்டாலும் வாசித்தார்.

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை என்றே மருத்துவர்கள் கருதியிருந்தார்கள். நாலு வயதை நெருங்கும்போது சோதித்தார்கள். அறிவுத்திறன் சராசரிக்கு மேல் இருந்தது. அந்தக் குழந்தையின் பாட்டி டொரதி பட்லர், ஆக்லாந்தில் சிறுவர் புத்தகக் கடை நடத்தியவர். எந்த மாதத்தில் எந்தப் புத்தகம், குழந்தை எந்தப் படத்தில் நின்றது, எந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னது என்று குறித்துவைத்து ஆய்வேடாக எழுதினார். 1979-இல் அது ‘குஷ்லாவும் அவள் புத்தகங்களும்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தது.

புத்தகம் நோயைக் குணமாக்கியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள். கையால் எதையும் தொட முடியாத குழந்தைக்குக் கப்பலும் பூனையும் மழையும் ஒரு மனிதக் குரலின் வழியாக வந்து சேர்ந்தன. பேச ஆள் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தது. நல்ல உடம்போடு பிறந்த நம் பிள்ளைகளுக்கு அதில் கால் பங்கு கிடைத்தாலே போதும் என்று தோன்றியது.

இனி, தமிழ்க் குழந்தைக்கென்று உள்ள ஒரு சிக்கல். இதைப் பேசத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிக்கச் சொல்வதுண்டு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், எழுத்துப் பிழையே இல்லாமல், மணி மணியாக ஒரு கதையின் கடைசி வரியை வாசித்தான். அவர்கள் மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினர் என்று முடிந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். “யாரோ திரும்பிப் பாத்தாங்க சார்” என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் சிரிக்க ஒன்றுமில்லை. அவன் வீட்டில் யாரும் ‘இல்லம்’ திரும்புவதில்லை, ‘வீட்டுக்கு வந்துட்டாங்க’. திரும்புவது என்றால் அவனுக்குத் தலையைத் திருப்புவதுதான். தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு முழு வாக்கியத்துக்கும் பொருள் கட்டினான். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் அவனுக்கு நாம் கொடுத்தது பாதி அந்நிய மொழி.

வீட்டில் ‘ஆனை வந்துச்சு’. புத்தகத்தில் ‘யானை வந்தது’. வீட்டில் ‘ரெண்டு பேரும் போய்ட்டாங்க’. புத்தகத்தில் ‘இருவரும் சென்றனர்’. ஆறு வயதில் பாடநூலைத் திறக்கும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. வடிவத்தைப் பார்த்து ஒலியைக் கூட்ட வேண்டும். கூட்டிய பிறகு வருகிற சொல், தான் ஒருநாளும் கேட்டிராத சொல்லாக இருக்கும். எழுத்துக்கூட்டினால் ஏற்கெனவே தெரிந்த சொல் வெளியே வர வேண்டும். அதுதானே வாசிப்பின் முதல் இன்பம்! அந்த இன்பத்தை நம் பிள்ளைக்கு மொழியே தள்ளிப் போடுகிறது. குறை தமிழிடம் இல்லை. இரட்டை வழக்கு உள்ள மொழி எதிலும் இப்படித்தான். 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் இந்த நிலையை விளக்கி எழுதியபோது அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், எயிட்டி நாட்டுக் கிரியோல் என்று நான்கை எடுத்துக்காட்டினார். நம் நிலையும் அதுவே.

அரபு மொழிக்காரர்கள் இதில் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். இஸ்ரேலில் வாழும் அரபுக் குழந்தைகளின் மழலைப் பள்ளிகளில் டினா ஃபைட்டல்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். 1993-இல் முடிவு வெளிவந்தது. எழுத்து வழக்கில் உள்ள கதைகளை ஆசிரியைகள் அச்சில் உள்ளபடியே நாள்தோறும் சிறிது நேரம் வாசித்துக் காட்டினார்கள். சின்னக் குழந்தைக்கு அந்த வழக்குப் புரியாது, கஷ்டப்படுத்தும் என்ற பயம் பொதுவாக இருந்தது. சில மாதங்களில் அந்தக் குழந்தைகள் எழுத்து வழக்குக் கதையைக் கேட்டுப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துத் தாங்களே கதை சொல்வதிலும், வழக்கமான மொழிப் பயிற்சி பெற்ற மற்றக் குழந்தைகளை முந்தின. யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. காதுக்குப் பழக்கினார்கள்.

அப்படியானால் வீட்டில் எப்படி வாசிப்பது? அச்சில் உள்ளபடியா, பேச்சு வழக்கிலா? எந்த ஊருக்குப் போனாலும் தாய்மார்கள் கேட்கிற கேள்வி இது. என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு வயதுவரை புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று கவலைப்படாதீர்கள். படத்தைக் காட்டி, ‘ஆனை பாரு, தும்பிக்கைய பாரு, எப்பிடித் தண்ணி குடிக்குது’ என்று உங்கள் வீட்டுத் தமிழில் பேசுங்கள். அது கொங்குத் தமிழானாலும் நெல்லைத் தமிழானாலும் யாழ்ப்பாணத் தமிழானாலும் நல்ல தமிழ்தான். ஒன்றரை, இரண்டு வயதில் முதல் முறை கதையைப் பேச்சில் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் அதே புத்தகத்தை அச்சில் உள்ளபடி வாசியுங்கள். கதை தெரிந்துவிட்டதால் ‘சென்றது’ என்றால் போச்சு என்று குழந்தை தானே கண்டுகொள்ளும். அந்தச் சொல்லுக்கு ஒரு மினுக்கு இருப்பதும் அதற்குத் தெரியும். என் பேத்தி மூன்று வயதில், தெருநாயைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “நாயே, நீ எங்கே செல்கிறாய்?” என்று கேட்டாள். வீடே சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “செல்கிறேன் அம்மா, செல்கிறேன்” என்று நாய்க்காகப் பதில் சொன்னாள். சரியான முறை அதுதான். சிரித்திருந்தால் அந்தச் சொல் திரும்ப வந்திருக்காது.

மழலைப் புத்தகத்தைப் பேச்சு வழக்கில் அச்சிடலாமா என்று பதிப்பாளர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. மொழி கெட்டுவிடும் என்று ஒரு கட்சி. எனக்கு இரண்டும் வேண்டும். உரையாடல் பேச்சிலும், கதை சொல்லும் வரி எழுத்து வழக்கிலும் இருந்துவிட்டுப் போகட்டும். பெரியவர்களுக்கான நாவலில் அதை அனுமதித்து நெடுநாள் ஆகிவிட்டது.

இன்னொரு தடை, நம் பக்தி. புத்தகம் நமக்குச் சரசுவதி. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் அந்தப் பக்தியால் புத்தகம் பரணுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் போய்விடுகிறது. குழந்தை எட்டினால் ‘கிழிச்சிடுவ, வை’ என்கிறோம். விசயதசமியன்று நெல்லில் விரலைப் பிடித்து அழுத்தி ‘அ’ எழுத வைக்கும்போதுதான் பல வீடுகளில் குழந்தைக்கும் எழுத்துக்கும் முதல் சந்திப்பு. பெரும்பாலும் அழுகையோடு. அதற்கு முன்பே இரண்டு மூன்று ஆண்டு, புத்தகம் தரையில் கிடந்திருக்க வேண்டும். ஆறு மாதக் குழந்தை எந்தப் பொருளையும் வாயால்தான் அறியும்; கரண்டியை, சாவியை, உங்கள் மூக்கை. புத்தகத்தையும் அப்படித்தான். அதற்காகத்தான் கெட்டி அட்டை, வட்ட மூலை. ஒரு குழந்தையின் எச்சிலுக்குச் சரசுவதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாசிக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்கு அப்பால் தெளிவாகத் தெரியாது, கிட்டே பிடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். நடுவில் எழுந்து தவழ்ந்து போனால் விட்டுவிடுங்கள். பக்கத்தை அதுவே திருப்பட்டும், இரண்டு மூன்றாகத் திருப்பினாலும் சரி. கேள்வி கேட்டால் சோதிக்கிற கேள்வியாக இருக்க வேண்டாம். ‘இது என்ன கலர், சொல்லு’ என்பது தேர்வு. ‘அடுத்தது என்ன ஆகப் போவுதோ!’ என்பது கதை. பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். குழந்தை பதிலைத் தேட நேரம் எடுக்கும். ஒரே புத்தகத்தை நாற்பதாம் முறை கொண்டுவந்து நீட்டினால், உங்களுக்கு அலுத்தாலும், வாசியுங்கள். இரண்டு பக்கம் தாண்டி ஏமாற்றப் பார்த்தால் கண்டுபிடித்துவிடும். அப்பாக்களுக்குத் தனியாக ஒரு சொல்: இது அம்மா வேலை என்று எந்த விதியிலும் இல்லை.

எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, நாங்கள் என்ன செய்ய என்று கேட்ட பாட்டிகள் உண்டு. படத்தைப் பார்த்துக் கதை கட்டுங்கள் என்றேன். ஒரு பாட்டி சிங்கத்தின் படத்தைக் காட்டித் தன் கொழுந்தனின் மீசையைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். நானே எழுந்து போகாமல் கேட்டேன். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த நினைவால்தான் அவர் 1995-இல், தாம் பிறந்த டென்னசியின் செவியர் மாவட்டத்தில், பிறப்பு முதல் ஐந்து வயதுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளுக்குப் பரவி, இருபது கோடிப் புத்தகங்களைத் தாண்டிவிட்டது.

நம்மிடம் புத்தகமே இல்லையா? முன்பைவிட இப்போது தேவலை. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா படப் புத்தகங்களைத் தமிழிலும் தருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறது. பெயர் வைத்தவர் நல்ல தமிழ் ஆள். ‘நுழை’க்கு முன்னால் ‘தவழ்’ என்று ஒரு படி வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

அந்தப் படியை யார் கையில் கொண்டு சேர்ப்பது? 1989-இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் பாரி சக்கர்மன், ராபர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர்கள், பரிசோதனைக்கு வரும் குழந்தைக்கு மருந்துச் சீட்டோடு ஒரு புத்தகத்தையும் கொடுக்கத் தொடங்கினார்கள். 1992-இல் பர்மிங்காமில் வெண்டி கூலிங் என்பவரின் முயற்சியால் 300 குழந்தைகளுக்குப் புத்தகப் பை போனது. அதைக் கொண்டு சேர்த்தவர்களில் வீட்டுக்கு வரும் சுகாதாரச் செவிலியர்கள் முக்கியமானவர்கள். பிறகு அது பிரிட்டன் முழுவதும் பரவியது. ஜப்பானிலும் வேர் பிடித்தது. பாஸ்டன், பர்மிங்காம் இரண்டு இடத்திலும் கவனியுங்கள்: பள்ளி வழியாகப் போகவில்லை, மருத்துவம் வழியாகப் போனார்கள். குழந்தை தவறாமல் வருகிற இடம் அதுதான்.

நமக்கு அந்த வழி போட்டு வைத்த சாலை மாதிரி இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை, ஒன்பது, ஒன்றரை வயது என்று எந்தக் குக்கிராமத்திலும் கிராம சுகாதாரச் செவிலியர் முன்னால் தாய்மார்கள் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு பாய், பத்துப் புத்தகம் போதாதா? 2015-இல் அரசு, தன் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகத்தை அறிமுகப்படுத்தியது. துண்டு, உடுப்பு, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை எல்லாம் அதில் உண்டு. பதினேழாவதாக ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் சேர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். நூலகர்கள் யாராவது இங்கே இருந்தால், வாரத்தில் ஒரு மாலை மட்டுமாவது கைக்குழந்தைக்காரர்களுக்குக் கதவைத் திறந்து வையுங்கள். சத்தம் போடட்டும். தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள் அன்று ஒரு மணி நேரம் டீ குடிக்கப் போகட்டும்.

அறக்கட்டளையார் எனக்குத் தருவதாகச் சொன்ன மதிப்பூதியத்தை மழலைப் புத்தகமாகவே தந்துவிடும்படி கேட்டிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். எண்பது பிரதி வரும் என்று கணக்குச் சொன்னார்கள். வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் பாயோடு உட்கார்ந்திருப்பேன்.